வியாழக்கிழமைத் தண்ணீர்

ஜூன் 9

வௌவாலுக்கு,

பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. ஒரு பாட்டில்கூட உடையவில்லை. பஸ் டிப்போவில் பார்சல் போடும்போது அண்ணன் கயிற்றை எப்படித்தான் இறுக்கிக் கட்டுகிறானோ, இங்கே அதை அறுப்பதற்குள் உயிர் போகிறது.

மே மாதம் போனில் நடந்ததைப் பற்றி இதில் ஒரு வரியும் எழுதப் போவதில்லை. போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் வைத்துவிடுகிறேன். அதனால்தான் காகிதம். பெட்டி எப்படியும் அங்கும் இங்கும் போய்வந்துகொண்டிருக்கிறது, அதில் ஒரு தாள் கூடுதலாகப் போனால் யாருக்கும் கனக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ குகையில் பிடித்து அனுப்பிய இரண்டாம் வருடத் தண்ணீர் முழுவதையும் ஆய்வக மெஷினில் ஓட்டிவிட்டேன். முதல் வருடம் எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். நல்ல மழை பெய்தால் தண்ணீரிலிருக்கிற ஆக்சிஜன் இலேசாக இருக்கும், வறண்டால் கனக்கும். முதல் வருடப் பாட்டில்கள் அதை மாதம் பிசகாமல் காட்டின. அந்தத் தைரியத்தில்தான், அதே சொட்டு விழுந்து வளர்ந்த நம் கல்தூணை அறுத்து, வரிவரியாகப் பொடி எடுத்து, அறுநூறு வருடப் பருவமழையை வருடவாரியாகச் சொல்லலாம் என்று கட்டுரையும் எழுதினேன்.

இரண்டாம் வருடம் அப்படி இல்லை. முதல் பாட்டிலிலிருந்து கடைசிப் பாட்டில்வரை கனத்துக்கு ஒரே எண். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. மெஷின் கோளாறாக இருக்குமோ என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன், மெஷின் சரியாகத்தான் இருக்கிறது.

ஒரே நாளில், ஒரே குடத்திலிருந்து எல்லாப் பாட்டிலையும் நிரப்பினால் இப்படித்தான் வரும் என்று டெக்னீசியன் சொன்னார். நான் சொல்லவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

தராசு


ஜூன் 14

தராசு அவர்களுக்கு,

டெக்னீசியன் சொன்னாராம், இவள் சொல்லவில்லையாம். ஹாஸ்டலில் நான் சுவர் ஏறிக் குதித்ததை வார்டனிடம் போட்டுக் கொடுத்தபோதும் இதே ராகம்தான். "பக்கத்து ரூம் பொண்ணு சொல்லிச்சு மேடம்" என்றாய். பக்கத்து ரூம் காலியாகக் கிடந்தது.

நேராகவே கேள். நான் குகைக்குப் போனேனா, இல்லை வீட்டுக் குழாயில் பிடித்து அனுப்பினேனா, அதுதானே உன் கேள்வி? போனேன். ஒவ்வொரு வியாழனும் போனேன். பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சருக்கு வாரத்தில் ஒரே ஒரு மதியம்தான் வகுப்பு கிடையாது. மற்ற டீச்சர்கள் அந்த நேரத்தில் தூங்குகிறார்கள், தைக்கிறார்கள், மாமியாரைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் கடைசி ஸ்டாப்பில் இறங்கி, ஏற்றம் ஏறி, ஏணியில் இறங்கி, கடைசிக் கொஞ்ச தூரம் தவழ்ந்து போகிறேன். என் இரண்டு முட்டியும் எந்த நிறத்தில் இருக்கின்றன என்று உன் மெஷினில் வைத்துப் பார்.

நாம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாறைகளைப் படித்தவர்கள். உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்ததால் நான் படித்ததெல்லாம் அழிந்துபோய்விடவில்லை. முதல் வருடப் பாட்டில்களுக்காக உன் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் எனக்கு ஒரு 'நன்றி' சொல்லியிருந்தாய், டிரைவருக்கும் ஏணி கொடுத்தவருக்கும் நடுவில். மே மாதம் நான் கத்தியது அதற்குத்தான். இப்போது அந்த நன்றியையும் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறாயோ என்று சந்தேகமாக இருக்கிறது.

வௌவால்


ஜூன் 20

அண்ணி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் யார் மீதும் குற்றம் சாட்டவில்லை. அளவு என்ன சொல்கிறதோ அதைச் சொன்னேன்.

நிலைமை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். கட்டுரையை ஏற்றுக்கொள்ள ஆய்விதழ் ஆசிரியர்கள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். குகைத் தண்ணீர் மழையைப் பின்தொடர்கிறது என்பதற்கு ஒரு வருடக் கணக்கு போதாது, இரண்டாம் வருடத்தையும் காட்டுங்கள் என்கிறார்கள். செப்டம்பர் கடைசிக்குள் காட்ட வேண்டும். இந்தக் கட்டுரை வெளிவந்தால்தான் என் வேலை நிரந்தரமாகும் என்று துறைத்தலைவர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். நான்கு வருட உழைப்பு இதில் இருக்கிறது.

ஆகவே சிலவற்றைத் தெளிவுபடுத்தினால் நல்லது. தண்ணீர் பிடித்தபின் பாட்டில்களை வீட்டில் எங்கே வைக்கிறீர்கள்? டிப்போவுக்குப் போகும்வரை வேறு யாராவது தொடுகிறார்களா? உடம்பு சரியில்லாமலோ, பரீட்சை வேலையாலோ சில வாரம் போக முடியாமல், அடுத்த முறை சேர்த்து நிரப்பியிருக்கலாம். மனிதர்கள்தானே, தப்பில்லை. எந்தெந்த வாரம் என்று சொல்லிவிட்டால் அந்தப் பாட்டில்களை நீக்கிவிட்டு மீதியை வைத்து ஒப்பேற்றிவிடலாம். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

யோசித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தராசு


ஜூன் 27

நாத்தனாரே,

'அண்ணி அவர்களுக்கு' என்று ஆரம்பித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ மரியாதை கொடுத்தால் பின்னால் கத்தி இருக்கும்.

பாட்டில்கள் என் பீரோவில், புடவைகளுக்குக் கீழே, பூட்டி இருக்கின்றன. சாவி என்னிடம். வேறு யாரும் தொடுவதில்லை. நான் எந்த வாரமும் தவறவில்லை. ஜுரத்தோடு போயிருக்கிறேன். 'ஒப்பேற்றிவிடலாம்' என்று எழுதியிருக்கிறாயே, செய்யாத தப்பை ஒத்துக்கொண்டு உனக்கு நான் ஒத்தாசை செய்ய வேண்டுமா? நல்லா இருக்கு நியாயம்.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் உன் அண்ணன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "வியாழக்கிழமை குகைக்குத்தானே போற?" என்றார்.

"வேற எங்க போவேன்?" என்றேன்.

"சும்மா கேட்டேன்" என்றார்.

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அந்த மனிதர் எதையும் சும்மா கேட்டதில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று அவரிடம் ஊரே கேட்கும், அவர் யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார். "உங்க தங்கச்சி போன் பண்ணாளா?" என்றேன். மூக்கைச் சொறிந்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது, மூக்குதான் வரும். நீ போன் செய்து, நான் ஒழுங்காகக் குகைக்குப் போகிறேனா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறாய்.

அந்த வியாழன் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவர் கண் முதலில் என் பூட்ஸுக்குப் போனது. மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். தண்ணீரைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் கிடையாது. இவள் குகைக்குப் போகவில்லை என்றால் வேறு எங்கே போகிறாள் என்பதுதான் அவர் மண்டையில் ஓடுகிறது. வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார், விடவும் மாட்டார். உன் மெஷினின் ஒரு கோடு என் படுக்கையறை வரைக்கும் வந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. தண்ணீர் ஒரே மாதிரி வந்தால், தண்ணீரே ஒரே மாதிரி இருக்கிறது என்று அர்த்தமாக இருக்கக் கூடாதா? குகைக்கு மேலே எவ்வளவு தடிமனாகப் பாறை உட்கார்ந்திருக்கிறது என்று மறந்துவிட்டதா? இதை யோசிக்காமல் என் பூட்ஸை யோசிக்கிறாய்.

வௌவால்


ஜூலை 4

வௌவாலுக்கு,

அண்ணனுக்குப் போன் செய்தது தப்பு. அவனிடம் மறுபடி பேசி, நான் கேட்டது தண்ணீருக்காக மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன். அவன் "சரி" என்றான். அவன் 'சரி' என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத்தான் தெரியும்.

பாறையைப் பற்றி நீ எழுதியதை நான் யோசிக்காமல் இல்லை. யோசித்ததால்தான் தூக்கம் போயிற்று. மேலே விழுகிற மழை பாறைக்குள் பல வருடம் தங்கி, பழையதும் புதியதும் ஒன்றாகக் கலந்து, பிறகு சொட்டுகிறது என்று வைத்துக்கொள். அப்படியானால் சொட்டில் இந்த வருடம் என்று ஒன்று கிடையாது. கல்தூணின் வரியிலும் கிடையாது. எந்த வருடம் மழை பொய்த்தது, எந்த வருடம் கொட்டியது என்று நான் போட்டு வைத்திருக்கிற அறுநூறு வருடமும் போயிற்று. இதை எழுதவே கை வரவில்லை.

ஆனால் அது அப்படி இல்லை. முதல் வருடம் இருக்கிறதே. அதே பாறை, அதே சொட்டு. ஒரு வருடம் மழையை அப்படியே காட்டிய பாறை மறு வருடம் காட்டாமல் போகாது. பாறை ஒரு வருடத்தில் குணம் மாறாது. மாறுவது மனிதர்கள்தான். கோபப்படாதே, நீயாக இருந்தாலும் இப்படித்தான் நினைத்திருப்பாய்.

புதுப் பெட்டி ஒன்று அனுப்புகிறேன். பாட்டில்கள் ஆடாமல் இருக்கத் தடிமனான ஸ்பாஞ்ச் வைத்திருக்கிறது. அதில் ஐந்து பாட்டில்கள். வழக்கம்போல வியாழக்கிழமைகளில் பிடித்து, பெட்டியோடே குகைக்குக் கொண்டுபோய்ப் பெட்டியோடே கொண்டுவா. பீரோவில் வைக்க வேண்டாம். ஐந்தும் நிரம்பியதும் அனுப்பு. மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது, எண் நிச்சயம் இறங்க வேண்டும்.

தராசு


ஆகஸ்ட் 10

மதிப்பிற்குரிய ஆய்வகப் பொறுப்பாளருக்கு,

ஐந்து பாட்டில்களும் இத்துடன் வருகின்றன. ஆறாவதாக உங்கள் பொருள் ஒன்றும் வருகிறது. சிறு கவரில் ஒட்டியிருக்கிறேன்.

மூன்றாவது வியாழக்கிழமை ஏணியில் கால் வழுக்கியது. நான் விழவில்லை, பெட்டிதான் விழுந்து சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்தது. ஸ்பாஞ்சைப் பிழிந்து காயவைக்கலாம் என்று உரித்தால், அடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு இரும்பு வட்டம். எனக்குத் தெரியாத சாமானா அது? கடைசி வருட புராஜெக்டில் நீயும் நானும் இதே பொத்தான்களைக் குகைக்குள் ஒட்டிவைத்து, மணிக்கொருதரம் வெப்பம் குறித்துக்கொள்கிறதா என்று பார்த்து, துள்ளிக் குதித்தோமே.

கெட்டிக்காரத்தனத்தை மெச்சுகிறேன். குகைக்குள் கோடையிலும் குளிரிலும் வெப்பம் மாறாது. என் சமையலறையில் அடுப்பு எரிந்தால் ஏறும், மழை பெய்தால் இறங்கும். பெட்டி வியாழக்கிழமை எங்கே இருந்தது என்று என்னைக் கேட்கவே தேவையில்லை, பொத்தானைக் கேட்டால் போதும். 'பெட்டியோடே கொண்டுபோய்ப் பெட்டியோடே கொண்டுவா' என்று நீ எழுதியதை, பாட்டில் மேல் உனக்கு எவ்வளவு அக்கறை என்று நினைத்துப் படித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்றைக்கு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன். பிறகு பொத்தானை எடுத்த இடத்திலேயே வைத்து, ஸ்பாஞ்சை ஒட்டி, மீதி வாரமும் தூக்கிக்கொண்டு போனேன். படித்துக்கொள்.

உன் அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் உன் வாசற்படி மிதிக்க மாட்டார்.

புவியியல் டீச்சர்


ஆகஸ்ட் 16

வௌவாலுக்கு,

பொத்தானைப் படித்தேன்.

ஐந்து வியாழக்கிழமையும் குகையில்தான் இருந்திருக்கிறாய். நீ அதைக் கண்டுபிடிப்பதற்கு முன்பும், பின்பும். வீட்டு வெப்பத்திலிருந்து மதியம் சரசரவென்று இறங்கி, குகை வெப்பத்தில் அசையாமல் நின்று, சாயங்காலம் மறுபடி ஏறுகிறது. மறுக்கவே முடியாது. ஐந்து பாட்டில்களையும் ஓட்டினேன். வெளியே இவ்வளவு மழை. எண் இறங்கவில்லை. அதே எண்.

மன்னிப்பு என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன். அந்த வார்த்தை போதாது. என்ன எழுதினால் போதும் என்றும் தெரியவில்லை. பொத்தானை ஸ்பாஞ்சுக்கு அடியில் வைத்து ஒட்டியபோது தப்பு செய்கிறோம் என்றே எனக்குத் தோன்றவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

ஆனாலும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நீ திட்டுவாய், தெரியும். பொத்தான்படி நீ ஒவ்வொரு தடவையும் குகைக்குள் மூன்று மணி நேரம் இருந்திருக்கிறாய். சொட்டுக்கு அடியில் இருக்கிற டப்பாவை எடுத்து, அந்த வாரத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி, டப்பாவைத் திரும்ப வைக்கப் பத்து நிமிடம் போதும். முதல் வருடம் நாம் இருவரும் சேர்ந்து போனபோது அவ்வளவுதான் ஆயிற்று. மூன்று மணி நேரம் அங்கே என்ன செய்கிறாய்?

தராசு


ஆகஸ்ட் 22

தராசு,

கேட்டுவிட்டாயா? கேட்காமல் உன்னால் இருக்க முடியாது என்று தெரியும். பொத்தான் நிரபராதி என்று சொன்னாலும், 'சரி, நிரபராதி ஏன் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள்' என்று கேட்கிற ஜாதி நீ.

விடைத்தாள் திருத்துகிறேன். போதுமா? தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் பாட்டிலைச் சொட்டுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மடியில் எட்டாம் வகுப்பு விடைத்தாள்களை வைத்துத் திருத்துகிறேன். டீச்சர் கொடுக்கிற பேப்பர் மட்டும் ஏன் இப்படி நாறுகிறது என்று பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழுகிறது. சுண்டுவிரல் நீளப் பாட்டில் நிரம்ப அவ்வளவு நேரம் ஆகிறது. நிரம்பியதும் மூடி போட்டுவிடுகிறேன்.

ஏன் டப்பா வைக்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும், அதற்கும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் நீ சொன்னபடி வாய் அகன்ற டப்பாவை வாரம் முழுவதும் திறந்து வைத்தேன். கோடையில் குகையின் கீழ்வாசல் வழியாக ஒரு காற்று வரும். மழைக்காலத்தில் அது கிடையாது. உதடு வெடிக்கிற அளவுக்கு வறண்ட காற்று. டப்பாவின் உள்சுவரில் தண்ணீர் ஏறிய கறை ஒரு இடத்திலும் தண்ணீர் அதற்கு ஒரு விரற்கடை கீழேயும் இருந்தது. தண்ணீர் ஆவியாகிப் போகிறது, மேலே கொஞ்சம் எண்ணெய் மிதக்கவிடட்டுமா என்று கேட்டேன். எண்ணெய் போனால் மெஷின் கெட்டுவிடும், வேண்டாம் என்றாய்.

அதனால் இரண்டாம் வருடம் ஆரம்பத்திலிருந்து கையில் பிடிக்கத் தொடங்கினேன். உன்னிடம் சொன்னேன். உன் அண்ணன் பிறந்தநாளுக்கு நீ போன் செய்தபோது, "இனிமே டப்பா வைக்கல, உக்காந்து பிடிக்கிறேன்" என்றேன். நீ "ம்ம், ம்ம்" என்றாய். பின்னால் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். நீ கேட்டாய் என்று நினைத்தேன்.

இலேசான தண்ணீர் முதலில் ஆவியாகும், கனமானது மிஞ்சும். நம் இருவருக்கும் ஒரே வாத்தியார் சொல்லிக்கொடுத்தது. மிச்சத்தை நீயே போட்டுப் பார். எனக்கு அதை எழுத இஷ்டமில்லை.

வௌவால்


ஆகஸ்ட் 27

வௌவாலுக்கு,

போட்டுப் பார்த்தேன்.

கோடையில் தண்ணீர் கனமாக இருந்ததற்கு மழை இல்லாதது காரணமில்லை. டப்பாவில் ஒரு வாரம் கிடந்து காற்றில் சுண்டியதுதான் காரணம். மழைக்காலத்தில் அந்தக் காற்று இல்லை, அதனால் இலேசாக இருந்தது. என் கட்டுரைக்கு எது வேண்டுமோ அதே வடிவத்தில் தப்பு வந்திருக்கிறது. முதல் வருடம்தான் பொய். நீ ஒழுங்காகப் பிடித்த இரண்டாம் வருடம்தான் நிஜம். பாறைக்குள் தண்ணீர் பல வருடம் கலந்துதான் சொட்டுகிறது. கல்தூணின் மேல் பரவுகிற ஈரத்தையும் அதே காற்று கோடைதோறும் சுண்டவைத்திருக்கும். வரிக்கு வரி நான் மழை என்று படித்ததெல்லாம் காற்றாக இருக்கலாம். நீண்ட காலம், இருபது முப்பது வருடம் தொடர்ந்து வறண்டிருந்தால் அது மட்டும் ஒருவேளை நிற்கும். வருடவாரியாக ஒன்றும் நிற்காது. டப்பாவைத் திறந்து வைக்கச் சொன்னது நான். எண்ணெய் வேண்டாம் என்றது நான். உன் போனைக் காதில் வாங்காததும் நான்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதத்திலிருந்து, நீ பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். நீ ஏமாற்றியிருந்தால் உன் பாட்டில்களைத் தூக்கிப் போட்டுவிட்டு என் அறுநூறு வருடத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். பொத்தானைப் படிக்கிற நிமிடத்தில்கூட, வியாழக்கிழமை மதியம் அது உன் வீட்டு வெப்பத்தைக் காட்டவேண்டும் என்றுதான் நினைத்தேன்.

இனி சொல்லப்போவதை முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு. துறைத்தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பதற்றமே படவில்லை. இரண்டாம் வருடம் தண்ணீர் பிடிக்கும் முறை மாறியிருக்கிறது, ஆகவே அந்தக் கணக்கைச் சேர்க்கவில்லை என்று எழுதினால் போதும் என்றார். அதில் பொய்யான வார்த்தை ஒன்றும் இல்லை. முறை மாறியது உண்மைதானே. தண்ணீர் பிடித்தவர் என்ற முறையில் நீ ஒரு கையெழுத்துப் போட்டால் கட்டுரை கெடுவுக்கு முன்பே போய்விடும், உன் பெயரும் என் பெயருக்கு அடுத்ததாக வரும். தாள் இத்துடன் இருக்கிறது.

செய் என்று நான் சொல்லவில்லை. என் வேலை இதில் தொங்குகிறது என்று மட்டும் சொல்கிறேன். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

தராசு


செப்டம்பர் 3

தராசு,

'செய் என்று நான் சொல்லவில்லை.' கடைசிவரைக்கும் நீ எதையும் சொல்லவில்லை. முதலில் டெக்னீசியன் சொன்னார், இப்போது துறைத்தலைவர் சொல்கிறார். தாளை மட்டும் யாரோ பெட்டியில் வைத்துவிட்டார்கள்.

கையெழுத்துப் போடவில்லை. தாளைக் கிழிக்கவும் இல்லை, திருப்பி அனுப்புகிறேன், பெட்டியில் மேலாகவே இருக்கிறது. என் பெயரை உன் பெயருக்கு அடுத்ததாகப் போடுவதாக எழுதியிருக்கிறாய். மே மாதம் அதற்காக நாய் மாதிரி கத்தினேன். இப்போது எனக்கு அது வேண்டாம்.

நீ என்னைச் சந்தேகப்பட்டதைப் பொறுத்துக்கொள்வேன். அளவு அப்படி இருந்தது, உன் இடத்தில் நானும் பட்டிருப்பேன், பொத்தான்கூட வைத்திருப்பேனோ என்னவோ. ஆனால் நான் திருடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாய். உன் அண்ணன் பூட்ஸைப் பார்த்தபோதுகூட, அதில் மண் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் பார்த்தார். அந்த வித்தியாசம் எனக்குப் புதன்கிழமை ராத்திரிதான் புரிந்தது. புரிந்ததும் அவரிடம் எல்லாவற்றையும், பொத்தான் உட்பட, சொல்லிவிட்டேன். பிறகு, "நாளைக்கு லீவு போடறேன், நானும் வரேன்" என்றார். என்னைச் சோதிக்கத்தான் வருகிறாரோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பார்த்தாயா, என்னையும் எப்படி ஆக்கிவிட்டிருக்கிறாய். சோதிக்க வரவில்லை. தவழ்ந்து வந்து, தலையில் இடித்துக்கொண்டு, மூன்று மணி நேரம் எனக்குப் பதில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை மரத்துப்போனதென்று இன்றுவரைக்கும் புலம்புகிறார்.

உன் வேலை போனால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்காதே. அழுகையாகத்தான் வருகிறது. அறுநூறு வருடம் போய்விட்டதென்று நீ எழுதியதைப் படித்தபோதும் அழுதேன். அந்தத் தூணை முதுகில் கட்டி ஏணியில் ஏற்றியவள் நான்தானே. ஆனால் இல்லாத மழையை இருந்ததென்று சொல்ல என்னால் முடியாது, உனக்காகவும் முடியாது. கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கொள். நீண்ட வறட்சி நிற்கும் என்கிறாயே, அதை மட்டும் எழுது. அதற்கு எத்தனை வருடம் ஆனாலும் தண்ணீர் பிடித்துத் தருகிறேன்.

ஒன்றே ஒன்று. இந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு வியாழனும் இரண்டு பாட்டில் பிடிக்கிறேன். ஒன்று உனக்கு. மற்றொன்று வேறு ஊரில், உனக்கும் எனக்கும் தெரியாத ஒரு ஆய்வகத்துக்கு. அவர்களுக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதி, பாட்டில் உடைந்தால் இருக்கட்டும் என்று சில வாரம் கூடுதலாகப் பிடித்துப் பீரோவில் வைத்திருந்த இரண்டாம் வருடத் தண்ணீரையும் சேர்த்து, இன்று காலை பஸ்ஸில் போட்டாயிற்று. கயிறு உன் அண்ணன்தான் கட்டினார்.

உன் மேல் சந்தேகப்பட்டுத்தான் இப்படிச் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

இல்லை, நினைத்துக்கொள்.

வௌவால்